செய்தியும் வாக்கும்: ஏரவாடா கூறும் வரலாறு



புனே நகரின் வடகிழக்கே, முளா-முட்டா ஆற்றிற்கு அப்பால் அமைந்துள்ளது ஏரவாடா. அப்பகுதியில் பிழைப்பை நாடி வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்து இளங்கலை வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி அண்மையில் நம்மைக் காண வந்தாள். பட்டப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டுமாம். செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வாக்காளரின் உள்ளத்தை எவ்வளவு தூரம் மாற்றுகின்றன என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். "ஐயா, நாளும் செய்தி கேட்கிறவர்கள் அந்தச் செய்தி சொல்கிறபடிதான் வாக்களிக்கிறார்களா?" என்று அவள் வினவினாள். அவள் ஆயத்தம் செய்திருந்த வினாப்பட்டியலையும் கண்ணுற்றோம். எந்த நாளிதழ் படிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் செய்தி பார்க்கிறீர்கள், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்பன போன்ற கேள்விகள் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

அவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. எனினும், அதற்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவள் வீட்டிற்கு அண்மையில் நிற்கும் சிறைச்சாலையின் மதிலே அவ்வரலாற்றின் முதல் ஏட்டைத் திறந்து காட்டும். அதனை அவளுக்குக் கூறியவாறே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

1932-ஆம் ஆண்டு. அந்நாளில் பூனா என வழங்கிய இந்நகரின் ஏரவாடாச் சிறையில் காந்தியடிகள் அடைபட்டிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள், மாகாணச் சட்டசபைகளில் 71 இடங்களுக்குத் தாமே தனித்து வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் ஒரு கூறு. பொதுத் தொகுதியிலும் அவர்கட்கு ஒரு வாக்கு உண்டு. வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிப் பெற்ற உரிமை இது. இந்து சமுதாயத்தை இது நிலையாகப் பிளந்துவிடும் என்று கருதிய காந்தியடிகள், உயிர் போகும்வரை உண்ணா நோன்பு மேற்கொள்வதாகப் பிரதமருக்கு எழுதினார்.

ஈண்டு நாம் கருத்திற்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. காந்தியடிகள் மார்ச்சு மாதத்திலேயே இதுபற்றி இந்திய மந்திரிக்கு எழுதிவிட்டார். ஆகஸ்டு 18-ஆம் நாள் பிரதமருக்கும் எழுதினார். ஆயினும், அக்கடிதங்கள் செப்டம்பர் 12-ஆம் நாள் வெளியிடப்படும் வரையில் நாடு அதனை அறியவில்லை. கடிதங்கள் செய்தித்தாள்களில் வந்தன. மறுநாளே இந்தியா முழுவதும் அது ஒன்றே பேச்சாயிற்று. செப்டம்பர் 20-ஆம் நாள் நண்பகலில் நோன்பு தொடங்கியது. கோயில்களும் கிணறுகளும் திறந்துவிடப்பட்ட செய்திகள் நாள்தோறும் வெளியாயின. சிறை முற்றத்து மாமரத்தடியில் இடப்பட்ட கட்டிலில் அண்ணல் படுத்திருக்க, தலைவர்கள் வந்து சூழ்ந்து பேசினர். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்குரிமை கைவிடப்பட்டது. அதற்கீடாக ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆக உயர்ந்தன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்திற்கு உரியவை. கையொப்பமிட்டோருள் இராஜாஜி, எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகிய தமிழ்நாட்டார் இருந்தனர் என்பதை ஏரவாடாவில் வாழும் தமிழர் நினைவிற்கொள்ளத் தகும். இராஜாஜி மகிழ்ச்சி மேலிட்டுத் தம் பேனாவை அம்பேத்கரின் பேனாவோடு மாற்றிக்கொண்டார் என்று அந்நாள்களை அருகிருந்து கண்ட பியாரேலால் எழுதியுள்ளார்.

பன்னிரண்டே நாள்களில் ஒரு தேர்தல் முறை மாறிவிட்டது. செய்தியின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று தோன்றும். ஆனால், சற்று நின்று நோக்குவோமாக. யாருடைய வாக்கைப் பற்றிய பேச்சு அது? அம்மக்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர், வாக்குரிமையும் அற்றவர். நாடெங்கும் மக்கள் நாள்தோறும் தேடியது அண்ணலின் உடல்நிலை பற்றிய செய்தியையே. ஒப்பற்ற ஓர் உயிர் ஊசலாடும் வேளையில் அது இயல்பே. ஆயினும், தனித் தொகுதி வேண்டுமா, கூட்டுத் தொகுதி வேண்டுமா என்ற கேள்வியை அதற்குரிய மக்களிடம் நின்று நிதானமாகக் கேட்பதற்கு அந்த வாரத்தில் இடமில்லாமற் போயிற்று. தம் மக்களுக்குச் சொந்தமாகப் பத்திரிகை வலிமை இல்லை என்பதை அம்பேத்கர் பிற்காலத்திற் பலமுறை எடுத்துரைத்தார்.

அவர் அதனை உணர்ந்தது 1932-இல் அன்று. 1920-ஆம் ஆண்டிலேயே 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். வாயற்றவர்களின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அதன்பின் 1927-இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930-இல் 'ஜனதா' என இதழ்கள் தொடர்ந்தன. தமிழகத்தில் இம்முயற்சி இன்னும் முற்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். கோலார் தங்கவயலிற் சுரங்க வேலைக்குச் சென்ற தமிழரிடையே அது பெருவழக்குப் பெற்றது. ஊர் விட்டு வந்த தமிழன் தன் மொழியில் அச்சேறிய தாளைத் தேடிப் படித்த வரலாறு அத்துணைப் பழமையுடையது.

ஏரவாடாவிலும் ஓர் இதழ் பிறந்தது. தீண்டாமை ஒழிப்புப் பணிக்கென 1932 நவம்பரில் காந்தியடிகட்குச் சிறையினுள் சலுகைகள் அளிக்கப்பட்டன. 1933 பிப்பிரவரி 11-ஆம் நாள் 'ஹரிஜன்' ஆங்கில வார இதழ் பூனாவிலிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் ஆர். வி. சாஸ்திரி. கட்டுரைகள் சிறையிலிருந்து எழுதப்பட்டன. அச்சுக்கூடம் வெளியே இருந்தது. முதல் இதழுக்கு வாழ்த்துச் செய்தி வேண்டியபோது அம்பேத்கர் வாழ்த்தை அனுப்பவில்லை. சாதியமைப்பு உள்ளவரையில் தீண்டத்தகாதோரும் இருப்பர். அவ்வமைப்பையே அழித்தாலன்றி விடிவில்லை என்னும் கருத்துடைய அறிக்கையை அனுப்பினார். காந்தியடிகள் அதனை முதல் இதழிலேயே வெளியிட்டுத் தம் மறுமொழியையும் அதன் அருகே அச்சிட்டார். தன்னை மறுப்பவன் கூற்றைத் தன் முதல் ஏட்டிலேயே ஏற்ற ஒரு பத்திரிகை! இதழ் நடத்துவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செயல் இது.

இனி, வாக்காளரே நேரில் தீர்ப்புக் கூறிய வேளைக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1937-இல் மாகாணத் தேர்தல்கள் நடைபெற்றன. பம்பாய் நகரத் தொகுதியில் அம்பேத்கர் தம் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வாங்கர் பாலு. பாலுவை அறியாதார் அந்நாளில் அரியர். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து, புனேயில் ஆங்கிலேயர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பேணும் வேலையிலிருந்து உயர்ந்து, 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் பந்து வீசிப் பெரும்புகழ் ஈட்டியவர் அவர். நாட்டின் செய்தித்தாள்கள் அவர் பெயரை எத்தனையோ ஆண்டுகள் ஏந்தி நின்றன. அவரும் பூனா ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவரே. புகழும் பெருங்கட்சியின் ஆதரவும் அவர் பக்கம் இருந்தன. எனினும், அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

இதனை எவ்வாறு விளக்குவது? ஆலைத் தொழிலாளர் குடியிருந்த நெருக்கமான சால் வீடுகளில் 'ஜனதா' இதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். ஜல்சா என்னும் பாட்டுக் குழுக்கள் அதே செய்தியை இசையோடு பரப்பின. அச்சிட்ட தாள்களின் எண்ணிக்கை சிறிது; அதனைச் சுற்றி நடந்த பேச்சோ பெரிது. பெரிய நாளிதழ் தொலைவிலிருந்து கூறுவதினும், உடன் வாழ்பவன் அருகிலிருந்து கூறுவது ஆழமாகப் பதியும்.

இவ்வுண்மையை அறிஞர்கள் கணக்கெடுத்துக் காட்டியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. 1940-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்டும் வில்கீயும் போட்டியிட்டனர். அப்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டு என்னும் சமூகவியலாரும் அவர்தம் குழுவினரும் 600 வாக்காளர்களைத் தேர்ந்து, மே முதல் நவம்பர் வரை திங்கள்தோறும் சந்தித்து வினவினர். வானொலியும் பத்திரிகையும் மக்களை விருப்பம்போல் திருப்பிவிடும் என்று அந்நாளிற் பலரும் அஞ்சியிருந்தனர். கண்டதோ வேறு. பெரும்பாலோர் தொடக்கத்திற் கொண்ட கருத்திலேயே நின்றனர். கட்சி விட்டுக் கட்சி மாறியோர் மிகச் சிலரே. மாறியோரும் அச்சிட்ட சொல்லைக் காட்டிலும், உடன் பணிபுரிவோர், அண்டை வீட்டார், உறவினர் ஆகியோரின் சொல்லையே மிகுதியும் சார்ந்திருந்தனர். செய்தியைக் கூர்ந்து கவனிப்பவர் சிலர்; அவரிடம் கேட்டு அறிபவர் பலர். செய்தி இவ்வாறு இரண்டு படிகளில் இறங்கி வருகிறது என்று அவர்கள் 1944-இல் வெளியிட்ட நூலில் எழுதினர்.

அந்த ஆராய்ச்சி மரபின் ஒரு கிளை புனேக்கே வந்து சேர்ந்தது என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவர். அகில இந்திய வானொலியின் புனே நிலையம் 1953-இல் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் ஏப்பிரல் வரை, யுனெஸ்கோவின் துணையோடு, ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 சிற்றூர்களுக்கென அந்நிலையத்திலிருந்து மராத்தி மொழியில் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஊர்தோறும் சிலர் மன்றமாகக் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, கேட்டபின் தமக்குள் கலந்து பேசி, ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். பயிரும் நலவாழ்வும் ஊராட்சியும் அங்கே பேசப்பட்டன. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய பால் நியூராத் அம்முயற்சியின் பயனை அளந்தார். இவர் லாசர்ஸ்ஃபெல்டிடம் பயிற்சி பெற்றவர். ஹிட்லரின் சிறைமுகாம்களிலிருந்து மீண்டு வந்தவர். பொய்ச் செய்தி ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர் என்று கூறலாம். வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் மக்கள் அறிவு சிறிதே உயர்ந்தது. மன்றம் கூடிப் பேசிய ஊர்களில் அது பெரிதும் உயர்ந்தது என்று அவர் கண்டார். ஒலிபரப்பு விதை எனின், உரையாடலே அதற்கு நீர்.

நம் தமிழகத்தில் இவ்வுண்மை தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் விளங்கிற்று. ஒரு நாளிதழை இருபது பேர் கேட்கும் வழக்கம் அங்கு நெடுநாள் இருந்தது. 1967 சனவரி 12-ஆம் நாள் நடிகர் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திற் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் பரவியது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் தி.மு.க. ஆட்சியைக் கைப்பற்றியது. படமே வென்றது என்று கூறுவோர் உளர். ஆனால், அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் 1965-ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின் நினைவும் அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்டு வந்தவை. படம் எரிவிளக்கில் எண்ணெய் வார்த்தது. விளக்கை ஏற்றியது அன்று.

ஏரவாடாச் சிறை மீண்டும் ஒருமுறை நம் பேச்சில் இடம்பெறுகிறது. 1975 ஜூன் மாதத்தில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் பலர் இச்சிறையில் அடைக்கப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் குரலையே ஒலித்தன. வானொலியின் சார்பில் பேசும் நாம் இதனை மறைப்பது முறையன்று. மக்கள் தொடர்புக் கருவிகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டமை குறித்து 1977 ஆகஸ்டில் அரசே வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பத்தொன்பது மாதங்கள் ஒரே குரலைக் கேட்ட வாக்காளர் 1977 மார்ச்சில் என்ன செய்தனர்? உத்தரப் பிரதேசத்தில் 85 இடங்களுள் ஒன்றைக்கூட ஆளுங்கட்சிக்கு அளிக்கவில்லை. தமிழ்நாட்டிலோ காங்கிரசும் அ.இ.அ.தி.மு.க.வும் சேர்ந்த அணி பெரும்பாலான இடங்களை வென்றது. ஒரே வானொலி, ஒரே தணிக்கை, தீர்ப்புகள் இரண்டு. வடக்கே கட்டாயக் கருத்தடை முதலிய கொடுமைகளை மக்கள் தம் உடம்பில் உணர்ந்தனர். தெற்கே அந்த அனுபவம் அவ்வளவு கடுமையாக இல்லை. தன் வீட்டு வாயிலில் நடந்ததைச் செய்தி மறைத்தால், மக்கள் செய்தியை நம்புவதை விட்டுவிடுவர். ஒருவர் வாய்ச்சொல்லை மற்றொருவர் நம்புவர்.

அவ்வாறாயின் செய்திக் கருவிகளுக்கு ஆற்றலே இல்லையோ எனின், அதுவும் பிழை. 1968-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் இருவர் ஆராய்ந்தனர். செய்தி, மக்கள் எதனைப் பற்றி எண்ணுவது என்பதை வகுக்கிறது என்று அவர்கள் காட்டினர். 1932 செப்டம்பரை நினைவு கூருங்கள். என்ன முடிவு செய்வது என்பதைச் செய்தித்தாள் தனியே கட்டளையிடவில்லை. எதனைப் பற்றிப் பேசுவது, எதனை மறந்துவிடுவது என்பதை அது வகுத்துவிட்டது. பேசப்படாத பொருளின்மீது வாக்களிக்க எவராலும் இயலாது. பேச வாயில்லாதவனின் குறை வாக்குப்பெட்டி வரையில் வருவதே இல்லை. அதனாலன்றோ அம்பேத்கர் தம் இதழுக்கு அப்பெயரைச் சூட்டினார்! 1943-இல் இதே புனே நகரில் இரானடே விழாவிற் பேசியபோது, இதழ்த்தொழில் அறப்பணியாக இருந்த நிலை மாறி வெறும் வாணிகமாயிற்று என்று அவர் வருந்தினார். அவ்வருத்தத்திற்கு இன்றும் பொருள் உண்டு.

இக்காலத்திற்கு வருவோம். 1989 முதல் பதினெட்டு வயதினரும் வாக்காளர். 1995-இல் உச்ச நீதிமன்றம் வான்அலைகள் பொதுமக்களின் உடைமை என்று தீர்ப்பளித்தது. 1997-இல் வானொலியும் தொலைக்காட்சியும் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பின்கீழ் வந்தன. 1998 முதல் தேர்தற் காலங்களில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு அவற்றில் கட்டணமின்றி நேரம் ஒதுக்கப்படுகிறது. சாலில் உரக்கப் படித்தவனின் இடத்தில் இன்று கைப்பேசியில் செய்தியைத் தள்ளிவிடும் உறவினர் அமர்ந்திருக்கிறார். முன்னவனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடிந்தது. இன்று வந்து விழும் செய்தியை எழுதியவர் யார் என்றே தெரிவதில்லை. அனுப்பியவர் நம்மவர் என்பதனாலேயே நம்பிவிடுகிறோம். அருகிலிருப்பவர் சொல்லுக்கு உள்ள வலிமை மாறவில்லை. அச்சொல்லைச் சோதிக்கும் வழக்கமே குறைந்துவிட்டது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் தனியொரு சிக்கலும் உண்டு. நாம் படிப்பது தமிழகத்துச் செய்தி. வாக்களிப்பதோ வாழும் ஊரில். சென்னையில் யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தனர் என்பதை விரல்நுனியில் வைத்திருப்போம். நம் தெருவிற்குக் குடிநீர் விடும் மாநகராட்சி உறுப்பினரின் பெயரை அறியோம். உள்ளூர் மொழி இதழைப் படிக்க இயலாத முதியோர் எவரேனும் கூறுவதை நம்பி வாக்களிக்க நேர்கிறது. நல்லவர் கூறினால் நன்று; அல்லாதவர் கூறினால் நம் வாக்கு பிறர் கைப்பொருளாகிவிடும்.

இதனை அம்மாணவிக்கு எடுத்துக்கூறி, "அம்மா, உன் வினாப்பட்டியலில் மேலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்: அந்தச் செய்தியை யாரோடு பேசினீர்கள்?" என்று வேண்டினோம். அவள் எழுதிக்கொண்டாள். பின்பு சற்றுத் தயங்கி, தன் பாட்டிக்கு மராத்தி படிக்கத் தெரியாதென்றும், தேர்தல்தோறும் தன் தந்தையார் சொல்லும் சின்னத்திலேயே பாட்டி வாக்களித்து வருவதாகவும் கூறினாள். "முதலில் பாட்டியிடமே கேட்கிறேன், ஐயா. கேட்பதற்கு முன்னால் உள்ளூர்ச் செய்தியை அவர்களுக்குப் படித்தும் காட்ட வேண்டும்" என்றாள்.

அவள் ஆய்வு என்ன முடிவைக் காணும் என்று நாம் முன்கூட்டி உரைக்க விரும்பவில்லை. ஆயினும், அது தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றியது. நேயர்களாகிய நீங்களும் வரும் ஞாயிறன்று வாழும் ஊரின் செய்தித்தாளை எடுத்து, அதனைப் படிக்க இயலாத நம்மவர் ஒருவருக்கு ஒரு பக்கமேனும் தமிழிற் படித்துச் சொல்லுங்கள். சொல்லியபின் யாருக்கு வாக்களிப்பது என்று மட்டும் கூறிவிடாதீர்கள். அதனை அவரே முடிவு செய்வார்.